சதுரம்: எல்லைப்புறக் கணித வகுப்பறையில் ஒரு சொல்

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடும், பழைய கொச்சி அரசைச் சார்ந்த சித்தூரும், தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்துள் அடங்கின. பின்னிரு வட்டங்கள் 1972இல் உருவான இடுக்கி மாவட்டத்தைச் சார்ந்தன. இவ்வெல்லைப் பகுதிகளின் தமிழ்வழிப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் கேரளத்தினது, பயிற்றுமொழி தமிழ். தமிழ்வழிப் பாடநூல்களையும் கேரளம் வெளியிடுகிறது. எனினும் மலையாள வினாவொன்றைத் தமிழாக்கித் தரும் ஆசிரியர் பிழைபட இடமுண்டு. அப்பிழை வேற்றுச்சொல்லால் நேர்வதன்று, ஒத்த சொல்லால் நேர்வது என்பது கருதத்தக்கது.

பரப்பளவு, சுற்றளவு, ஆரம், கர்ணம், சராசரி ஆகியன இரு மொழிக்கும் பொது. திரிகோணத்தை முக்கோணம் என மாற்ற எவரும் மறவார். சதுரத்தை மாற்ற வேண்டுமென்று தோன்றுவதில்லை. ஆனால் மலையாளச் சதுரம் தமிழின் செவ்வகம். தமிழின் சதுரம் அங்குச் சமசதுரம்.

இருவரும் ஒரே வேரினின்று பிரிந்தவர்களே. சுல்ப சூத்திரங்கள் சதுரசிரம் என்பதை நாற்கோண வடிவுக்குப் பொதுச்சொல்லாகக் கொண்டு, சமசதுரசிரம், தீர்க்கசதுரசிரம் என வகைப்படுத்தின. மலையாளம் ‘சம’ என்னும் அடையைக் காத்தது. தமிழ் அடையை விடுத்துச் சமவகைக்கே பெயரைத் தந்தது. மற்றதற்குச் செவ்வகம் வழங்கலாயிற்று. நீள்சதுரம் என்னும் வழக்கும் தமிழில் உண்மையால், பழைய பொதுப்பொருள் இங்கும் முற்றும் மறையவில்லை எனலாம். ஆகவே எம்மொழி வழக்கையும் பிழையெனல் பொருந்தாது.

இடர் வினாவில்தான் எழுகிறது. ‘சுற்றளவு 40 மீட்டர் உள்ள சதுரத்தின் நீளம் அகலத்தினும் 4 மீட்டர் மிகுதி, பரப்பளவு யாது?’ என்று அப்படியே பெயர்த்தால், முதல் தொடரோடு நிற்கும் மாணவர் 100 சதுர மீட்டர் என்பார். முழுதும் படிப்பவர் திகைப்பார். விடைக்குறிப்பில் இருப்பதோ 96. கூர்ந்து படித்தவரே மதிப்பெண் இழக்கும் கொடுமை இது.

விளக்கத்தில் நேரும் இழப்பு இன்னும் நுட்பமானது. சுற்றளவு 40 மீட்டரான மலையாளச் சதுரங்கள் பல: 15, 5 பக்கங்களுக்குப் பரப்பளவு 75, 12, 8க்கு 96, 11, 9க்கு 99, 10, 10க்கு 100. ‘இவற்றுள் பரப்பளவு மிகுந்த சதுரம் எது?’ என்பது அங்கே நல்ல வினா. சொல்லை மாற்றாது தமிழில் கேட்டால் ஒப்பிடுதற்கு ஒன்றுமில்லை. அச்சுற்றளவுள்ள சதுரம் யாவும் பரப்பளவு 100 உடையனவே. ‘எல்லாச் சமசதுரங்களும் சதுரங்கள்’ என்னும் கூற்றும் தமிழ்ச் செவிக்குக் கூறியது கூறலாகவே படும். சதுரம் செவ்வகத்தின் ஒரு வகை என்னும் கருத்து, மாணவர் அறியாமலே நழுவிவிடுகிறது.

எதிர்த்திசையிலும் இது நிகழக்கூடும். தமிழ்வழியில் பயின்றவர் மலையாள மாணவரிடம், பக்கம் 10 மீட்டரான சதுரத்தின் பரப்பளவைக் கேட்டால், மற்றப் பக்கம் எவ்வளவு என்று அவர்கள் வினவுவர். அவ்வினா அறியாமையன்று, கரும்பலகையில் ஒரு படம் வரைந்தாலே அது எழாது.