விபத்தின் காரணத்தை எழுதுவது யார்? சாலைப் பாதுகாப்பில் கூட்டுப் பொறுப்பு

சாலைப் பாதுகாப்பில் அரசும் பிற அமைப்புகளும் கைகோக்க வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. சனவரிப் பேரணி, இலவசத் தலைக்கவசம், நகைக்கடை விளம்பரம் தாங்கிய பேரிகார்டு ஆகியவை அதன் அடையாளங்களாகக் காட்டப்படுகின்றன. இவற்றால் கெடுதி இல்லை. ஆனால், விபத்தின் காரணத்தை முடிவுசெய்யும் இடத்தில் வெளியாருக்குப் பங்கில்லாதவரை இவை வெறும் நன்கொடைகளே.

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தனர். நாடெங்கும் அவ்வாண்டு நடந்த விபத்துகளில் ஏறத்தாழ 72 விழுக்காட்டுக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. இந்தக் கணக்கு காவல் நிலையத்தில் தொடங்குகிறது. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டிவந்ததாக முதல் தகவல் அறிக்கையில் எழுதுவது வழக்கம். வழக்குக்கான சட்டப் பிரிவு அப்படித்தான் கேட்கிறது. எடுத்துக்காட்டாக, நான்குவழிச் சாலையில் சுற்றிவர மனமில்லாமல் ஊரார் சென்டர் மீடியனை உடைத்து வழி உண்டாக்குகிறார்கள். இரவில் அந்த இடைவெளியில் திரும்பும் மொபெட் மீது லாரி மோதுகிறது. எரியாத விளக்கு, சுரங்கப்பாதை இல்லாத வடிவமைப்பு, உடைப்பை மாதக்கணக்கில் கண்டுகொள்ளாத பராமரிப்பு எல்லாம் அந்த ஒரே வாசகத்துக்குள் மறைந்துவிடுகின்றன.

சென்னை ஐஐடியும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் இதைத் திருத்தும் முயற்சி. காவலர் செயலியில் பதிந்த விவரம் நெடுஞ்சாலைப் பொறியாளருக்கும் செல்கிறது. அவர் இடத்தைப் பார்த்துத் தம் பங்கைப் பதிய வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாலை போட்ட துறையே சாலையின் குறையையும் எழுதுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பு, பராமரிப்புத் தவறுகளால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. தம் துறைக்கு எதிரான சான்றை எந்தப் பொறியாளர் மனமுவந்து பதிவார்?

வெளியார் தலையிட்டபோதுதான் பல கதவுகள் திறந்தன. கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2014-இல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்தது. 2017-இல் மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பும் ஒரு தன்னார்வ அமைப்பின் வழக்கால் வந்ததே. விபத்துச் சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் தனியார் மருத்துவமனைகள் சேர்ந்ததற்குக் காரணம் எந்தச் சிகிச்சைக்கு யார் எவ்வளவு தருவது என்பது எழுத்தில் இருந்ததே. விபத்துக்குப் பிந்தைய கூட்டுறவுக்கு ஒப்பந்தம் உண்டு. விபத்தைத் தடுக்கும் கூட்டுறவோ நல்லெண்ணத்தை மட்டுமே நம்பியிருக்கிறது.

வெளியாருக்குப் பொறியியல் தெரியுமா என்று கேட்பார்கள். தமிழகத்தில் குடிசார் பொறியியல் துறை உள்ள கல்லூரிகளுக்கா பஞ்சம்? ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் அத்தகைய கல்லூரி ஒன்றுக்கும் விபத்துச் சிகிச்சை மருத்துவர் ஒருவருக்கும் இடம் தர வேண்டும். உயிரிழப்பு நேர்ந்த இடத்தை அவர்கள் தனியே ஆய்ந்து எழுதும் குறிப்பை வழக்குக் கோப்பில் சேர்ப்பது கட்டாயமாக வேண்டும். இதற்கான செலவை வாகன ஓட்டிகளிடம் வசூலாகும் அபராதத் தொகையிலிருந்தே கொடுக்கலாம்.