மஞ்சள் கொடி, மஞ்சள் விளக்கு

2021 ஜூன் 3, வியாழக்கிழமை. போர்ச்சுகலின் தெற்குக் கரையில், அல்கார்வ் மணலில் பிரிட்டிஷ்காரர்கள் நிம்மதியாகப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். பல மாதங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள். அந்தச் சுகம் அன்று மாலை வரைகூட நீடிக்கவில்லை.

லண்டனிலிருந்து செய்தி வந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான்கு மணியோடு போர்ச்சுகலுக்குப் பச்சை விளக்கு அணைகிறது. இனி மஞ்சள்.

அதென்ன பச்சை, மஞ்சள்?

மே 17 வரை, தக்க காரணமில்லாமல் இங்கிலாந்தை விட்டு வெளியே கிளம்பினாலே ஐயாயிரம் பவுண்ட் வரை அபராதம் என்று சட்டம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, உலகத்தையே மூன்று கலராகப் பிரித்தார்கள். நம் ஊர் சிக்னல் மாதிரியேதான். பச்சை நாட்டுக்குப் போனால் திரும்பி வந்ததும் ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். மஞ்சள் என்றால் பத்து நாள் வீட்டோடு தனிமை, இரண்டு பரிசோதனை. சிவப்பு என்றால் அரசாங்கம் காட்டுகிற ஹோட்டலில் பத்து நாள் காவல்.

முதல் பச்சைப் பட்டியலில் பன்னிரண்டு இடங்கள் இருந்தன. ஆஹா என்று பட்டியலைப் பிரித்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் யாரையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்தியிருந்தன. ஃபாக்லாந்து தீவுகள். செயின்ட் ஹெலினா, அதாவது நெப்போலியனைச் சிறை வைத்த தீவு. அப்புறம் தெற்கு ஜார்ஜியா. அங்கே பெங்குவின்கள்தான் வரவேற்கும். வெயில், கடல், கட்டுப்படியாகிற விமான டிக்கெட் மூன்றும் சேர்ந்து கிடைக்கிற ஒரே பெரிய இடம் போர்ச்சுகல்தான். எல்லோரும் அங்கே ஓடியதில் என்ன ஆச்சரியம்?

இதில் கால்பந்து வேறு சேர்ந்துகொண்டது. சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி இஸ்தான்புல்லில் நடப்பதாக இருந்தது. மோதுகிற இரண்டும் இங்கிலாந்து அணிகள், செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும். துருக்கி சிவப்புப் பட்டியலில் இருந்ததால் ஆட்டத்தையே தூக்கி போர்ச்சுகலின் போர்ட்டோவில் வைத்தார்கள். மே 29 அன்று ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் போய் ஆட்டம் பார்த்தார்கள். செல்சி ஜெயித்தது. ஐந்தாம் நாள் போர்ச்சுகல் அவுட்.

அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே ஐந்து நாட்கள்கூட முழுசாக இல்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஊர் திரும்பவேண்டும். டிக்கெட் விலை சரசரவென ஏறியது. இருக்கிற விடுமுறையைப் பாதியில் விட்டுப் புது டிக்கெட்டுக்கு அழுவதா, அல்லது இருந்துவிட்டுப் போய் பத்து நாள் சம்பளத்தைத் தொலைப்பதா? வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவருக்கு இது வெறும் எரிச்சல். பேருந்து ஓட்டுகிறவருக்கும் கடையில் நிற்கிறவருக்கும் அப்படியில்லை.

இன்னும் கிளம்பாதவர்கள் பாடு அதைவிடக் கொடுமை. நாட்டின் கலர் மாறிவிட்டது, நான் வரவில்லை, பணத்தைக் கொடு என்று கேட்டால் கிடைக்குமா? விமானம் கிளம்பத்தானே போகிறது? ஏறாதது உங்கள் இஷ்டம். வேண்டுமானால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் பெரும்பாலும் கிடைத்த பதில். எந்தத் தேதிக்கு மாற்றுவது? அன்றைக்கு என்ன கலர் எரியும் என்று யாருக்குத் தெரியும்?

பரிசோதனைச் செலவு தனி. அரசாங்க இணையதளத்தில் கம்பெனிகளின் பட்டியல் இருந்தது. இருபது பவுண்ட் என்று போட்டிருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த விலைக்குச் சரக்கே இருக்காது. எண்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை ஆகஸ்டில் அரசே எச்சரிக்க வேண்டியிருந்தது. விமான டிக்கெட்டைவிட மூக்கில் குச்சி விடுகிற செலவு அதிகமான குடும்பங்கள் உண்டு.

ஒரு சின்ன ஆறுதல். இந்தக் கலர்களை அறிவித்த போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ், முந்தைய வருடம் தானே இதில் மாட்டியவர். 2020 ஜூலை 25 அன்று குடும்பத்தோடு ஸ்பெயினுக்கு விமானம் ஏறினார். அன்று ராத்திரியே, ஸ்பெயினிலிருந்து வருகிறவர்களுக்குப் பதினான்கு நாள் தனிமை என்று அவருடைய அரசாங்கம் உத்தரவு போட்டது. மனிதர் விடுமுறையைச் சுருக்கிக்கொண்டு ஊர் திரும்பி, ஒழுங்காக வீட்டில் அடைந்துகொண்டார்.

சிவப்பு விளக்கின் விலை என்ன என்பது நம்மவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். 2021 ஏப்ரல் 23 விடியற்காலை இந்தியா சிவப்பானது. அதற்குப் பிறகு பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களும் அங்கே வசிக்கும் உரிமை உள்ளவர்களும் மட்டுமே உள்ளே போகலாம். அதுவும் ஹோட்டல் காவலுக்குப் பணம் கட்டிவிட்டு. தனி ஆளுக்கு 1,750 பவுண்ட். கூட வரும் பெரியவருக்கு 650. ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்கு 325. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் 3,050 பவுண்ட். மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். அந்த ஏப்ரல், மே மாதங்களில் லண்டனிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பியவர் யாரும் கடற்கரையில் படுக்க வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவையோ அம்மாவையோ பார்க்க வந்தார்கள். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பில் ஒன்றுதான்.

சரி, இதெல்லாம் உலகம் இதுவரை பார்க்காத கூத்தா? நூற்றைம்பது வருடம் பின்னால் போவோம், வாருங்கள்.

1867 ஜூன். நியூயார்க் துறைமுகத்திலிருந்து குவேக்கர் சிட்டி என்கிற நீராவிக் கப்பல் கிளம்பியது. சரக்கு ஏற்றவோ ஆட்களைக் குடியேற்றவோ அல்ல. ஊர் சுற்ற. பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், துருக்கி, ஜெருசலேம், எகிப்து என்று ஐந்து மாத உல்லாசம். கட்டணம் 1,250 டாலர். கரையிறங்கிச் செலவழிக்க நாளொன்றுக்கு ஐந்து டாலர், தங்கமாகக் கொண்டுவந்தால் நல்லது என்று விளம்பரத்திலேயே சொல்லியிருந்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் கூலித் தொழிலாளி வருடக்கணக்கில் உழைத்தால்தான் இந்தத் தொகையைக் கண்ணால் பார்க்க முடியும்.

பயணிகளில் ஒருவர் முப்பத்தொரு வயதுப் பத்திரிகையாளர். அவருக்கு மட்டும் கையிலிருந்து காசு போகவில்லை. சான்பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று கட்டியது. பெயர் சாமுவேல் கிளெமன்ஸ். மார்க் ட்வைன் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயணத்தில் எழுதியதை வைத்துத்தான் 1869-ல் 'தி இன்னசன்ட்ஸ் அப்ராட்' என்ற புத்தகம் வந்தது, அவரை உலகப் புகழ் ஆக்கியது.

பயணத் திட்டம் பிரமாதம். காலம்தான் சரியில்லை. காலராவின் நான்காவது உலகச் சுற்று நடந்துகொண்டிருந்தது. 1865-ல் மெக்காவில் ஹஜ் யாத்ரிகர்களிடையே பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அங்கிருந்து நீராவிக் கப்பலிலும், சூயஸிலிருந்து அலெக்சாண்ட்ரியாவுக்குப் போகும் ரயிலிலும் ஏறி, மத்தியதரைக் கடலோரம் முழுக்க இறங்கிவிட்டது. அதுவரை ஒட்டகத்தோடும் பாய்மரத்தோடும் மெதுவாக வந்த நோய்க்கும் வேகம் கிடைத்துவிட்டது. 1866-ல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கான்ஸ்டான்டிநோபிளில் மாதக்கணக்கில் கூடிப் பேசி, காலராவின் பிறப்பிடம் கங்கைக் கரை என்று முடிவு கட்டினார்கள். ஆனால் அதைக் கொடுக்கும் கிருமி இன்னதென்று உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் பதினேழு, பதினெட்டு வருடம் பாக்கி. காரணம் தெரியாத நோய்க்கு அரசாங்கங்களிடம் இருந்த ஒரே மருந்து, வருகிறவனை நிறுத்து.

அது வெனிஸ் காலத்து மருந்து. பிளேக் பயத்தில் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்தி வைத்தார்கள். நாற்பதுக்கான இத்தாலியச் சொல்லிலிருந்துதான் குவாரன்டைன் பிறந்தது. நிறுத்தப்பட்ட கப்பலில் மஞ்சள் கொடி பறக்கும்.

இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் ட்வைன் படகிலிருந்து இறங்கியதும் போலீஸ் பிடித்து, ஜன்னல் இல்லாத ஒரு கல் அறைக்குள் கூட்டத்தோடு அடைத்தது. காலடியிலிருந்து நாற்றப் புகை கிளம்பியது. காலரா ஓடிப்போக வைத்தியமாம். இவர்கள் நோய் இருந்த ஊர் எதிலிருந்தும் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

நேப்பிள்ஸில் நடந்தது இன்னும் தமாஷ். ட்வைனும் சிலரும் ரோமிலிருந்து ரயிலில் நேப்பிள்ஸ் வந்துவிட்டார்கள். கப்பலோடு கடல் வழியே வந்தவர்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரே குழு, ஒரே டிக்கெட். ரயிலில் வந்தவன் ஊர் சுற்றுகிறான், கப்பலில் வந்தவன் மேல்தளத்தில் வெந்துகொண்டிருக்கிறான். ட்வைன் கோஷ்டி தினமும் படகில் போய்க் கப்பலுக்குப் பத்தடி தள்ளி நின்று, ஊர் எவ்வளவு அழகு, சாப்பாடு எவ்வளவு ருசி என்று வர்ணித்துவிட்டு வருமாம். மகா பாவிகள்.

ஆகஸ்டில் கிரீஸ். ஏதென்ஸுக்கான பிரேயஸ் துறைமுகத்தில் நங்கூரம் போட்டாயிற்று. தூரத்தில் அக்ரோபொலிஸ் தெரிகிறது. எல்லோரும் தயாராகி நிற்கும்போது துறைமுக அதிகாரி படகில் வந்தார். ஒன்று, கிளம்பிப் போங்கள். இல்லையென்றால் துறைமுகத்துக்கு வெளியே பதினோரு நாள் கப்பலிலேயே கிடங்கள். பதினோரு நாள் காத்திருந்தால் மற்ற ஊர்கள் போச்சு. மறுநாள் கிளம்புவது என்று கேப்டன் முடிவு செய்தார்.

கண்ணுக்கு முன்னால் ஏதென்ஸ். காசு கட்டியாயிற்று. என்ன செய்வது?

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு, மேகத்துக்குள் நிலா மறைந்திருந்த நேரம், நான்கு பேர் சின்னப் படகில் திருட்டுத்தனமாகக் கரையேறினார்கள். ட்வைன் அதில் ஒருவர். எங்கேயோ இப்படி நீந்திக் கரையேறிய ஒருவனுக்கு ஆறு மாதம் சிறை கிடைத்த கதையை அப்போதுதான் கேட்டிருந்தார். இருந்தாலும் போனார்கள். நாய்கள் குரைத்தன. வழியில் திராட்சைத் தோட்டத்தில் கைவைத்தார்கள், காவல்காரர்கள் விரட்டினார்கள். அக்ரோபொலிஸ் காவலாளிகளுக்குக் காசைத் தள்ளி, நிலா வெளிச்சத்தில் பார்த்தினானைப் பார்த்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிட்டார்கள்.

படிக்க ரொம்ப ருசியான அத்தியாயம் அது. ஒரு கேள்விதான் இடிக்கிறது. இவர்கள் நோயுள்ள நேப்பிள்ஸிலிருந்து வந்தவர்கள். நாலு பேரில் ஒருவர் வயிற்றில் காலரா இருந்திருந்தால்? கிரேக்க அதிகாரி பைத்தியக்காரன் இல்லை. ட்வைனுக்குத் தன் 1,250 டாலர் தெரிந்தது, அந்த அதிகாரிக்குத் தன் ஊர் தெரிந்தது.

எகிப்தைப் பார்த்து முடித்துக் கப்பல் ஊர் திரும்பும்போது நிலைமை இன்னும் மோசம். எகிப்திலிருந்து வருகிற கப்பலா? சர்டினியாவில் இறங்கக்கூடாது. அல்ஜியர்ஸில் கூடாது. ஸ்பெயினின் மலகாவில் கூடாது.

கடைசியாக அட்லாண்டிக் நடுவே போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீரா தீவு. 2021 ஜூனில் போர்ச்சுகல் மஞ்சளானபோது மதீராவும் கூடவே மஞ்சளாகி, மூன்றே வாரத்தில், ஜூன் 30 அன்று மறுபடி பச்சையானது. அறிவிப்பு வந்ததும் ஜனங்கள் டிக்கெட்டுக்குப் பறந்தார்கள். 1867-ல் குவேக்கர் சிட்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இறங்கக்கூடாது என்றது தீவு. பயணிகள் பகல் முழுக்க மேல்தளத்தில் நின்று பச்சை மலையையும் வெள்ளை வீடுகளையும் பார்த்தார்கள். குவாரன்டைனைக் கண்டுபிடித்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். என்ன செய்யலாம் என்று கூட்டம் போட்டார்கள், கலைந்தார்கள், மறுபடி கூட்டம் போட்டார்கள். ராத்திரி கப்பல் கிளம்பிவிட்டது.