கவிழும் மேசை: 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் கான்சோல்

1. வரையறை

அறைகலன் நூல்கள் கான்சோலை மேசை வகையில் சேர்க்கின்றன. பதினைந்தாம் லூயி காலத்துப் (1715–1774) பாரிஸ் கான்சோலுக்கு இது பொருந்தாது. பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் வளைந்த இரு கால்கள் மட்டுமே. பின்பக்கம் காலே கிடையாது. சுவரோடு பிணைக்காவிட்டால் கவிழ்ந்துவிடும். அதைக் கட்டடத்தின் உறுப்பாகக் கொள்வதே முறை. இரு சாளரங்களுக்கு இடையில், நிலைக்கண்ணாடிக்குக் கீழே, சுவரின் மரவேலைப்பாட்டோடு சேர்த்தே அதற்கு இடம் வகுத்தார்கள். மேலே கிடத்தும் சலவைக்கல்லைக்கூட அறையின் கணப்படுப்புக் கல்லுக்கு இணையாகத் தேர்வதுண்டு.

நிக்கோலா பினோ (1684–1754) இதற்கு நல்ல சான்று. மரச்சிற்பியான இவர் 1716இல் ரஷ்யா சென்று, பீட்டர்ஹோஃப் அரண்மனையில் மகா பீட்டரின் ஓக் மர அறையைச் செதுக்கினார். பாரிஸ் திரும்பிய பின் சுவர்ப்பலகை, கான்சோல் இரண்டுக்கும் அவரே வரைபடம் தந்தார்.

2. செய்முறை

ஓக் போன்ற மரத்தில் தச்சர் சட்டம் கூட்டுவார். சிற்பி சிப்பி, இலைச்சுருள், மலர்ச்சரம் செதுக்குவார். அடுத்து வருவதுதான் நுட்பமான கட்டம். சுண்ணத்தூளை விலங்குத்தோல் பசையில் குழைத்துப் பல பூச்சு பூசுவார்கள். அதில் உளிவேலையின் கூர்மை மழுங்கிவிடும். இலை நரம்புகள் அடைந்துபோகும். ஆகவே காய்ந்த பூச்சின் மீதே சிறு கொக்கி உளிகளால் மறுபடி கீறி நரம்பெடுப்பார்கள். பார்வையாளர் மெச்சும் நுணுக்கத்தில் கணிசமான பங்கு மரத்தில் இல்லை, இந்தச் சுண்ணத்தில்தான் இருக்கிறது. சிற்பிகள் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்! அதன்மேல் செங்களிமண் பூசி, ஈரப்படுத்தித் தங்க ரேக்கு ஒட்டி, மேடான இடங்களை அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பள்ளங்கள் மங்கலாகவே விடப்படும். விளக்கொளியில் செதுக்கல் புடைத்துத் தெரிவது இதனால்தான்.

3. காலக்கணிப்பு

3.1 முத்திரை. பாரிஸ் தச்சர் சங்கத்தின் 1743ஆம் ஆண்டு விதிகள், உறுப்பினர் தம் பெயரைப் பொருளில் பொறிக்க வேண்டும் என்றன. சிற்பிகள் அந்தச் சங்கத்தில் அடங்கியவர்கள் அல்லர். கான்சோலோ பெரிதும் அவர்கள் கைவேலை. ஆகவே முத்திரை இல்லாததைக் கொண்டு ஒன்றைப் போலி எனத் தள்ளுவது தவறு.

3.2 செதுக்கல். 19ஆம் நூற்றாண்டில் இப்பாணியைப் பார்த்துச் செய்தவை ஏராளம். அவற்றில் சிலவற்றின் அலங்காரம் அச்சில் வார்த்து ஒட்டியது. இடப்பக்க மலரும் வலப்பக்க மலரும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்கும். கையால் செதுக்கியதில் ஓர் இதழாவது வேறு பக்கம் திரும்பும்.

3.3 முதுகு. எனக்கு மிகவும் நம்பகமான சான்று இதுவே. சுவரை ஒட்டி நின்ற பக்கத்துக்கு யாரும் பொன் பூசி மெனக்கெடவில்லை. அங்கே கை ரம்பத்தின் ஒழுங்கற்ற நேர்கோட்டுத் தடங்கள், பழைய பிணைப்புத் துளைகள் எல்லாம் மறைப்பின்றித் தெரியும். வில்போல வளைந்த தடம் வட்ட ரம்பத்தினுடையது. மூலச் சட்டத்தில் அது இருந்தால், செய்த காலம் பதினைந்தாம் லூயியினது ஆகாது. பழுதுபார்க்கையில் சேர்த்த துண்டா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.