லாஸ் வேகாஸில் முதலில் இருந்தது தண்ணீர்

வெறும் மணல்காடு. ஒரு மாஃபியா தாதா வந்தான், கசினோ கட்டினான், ஊர் முளைத்தது. படங்களைப் பார்த்து நானும் ரொம்ப நாள் லாஸ் வேகாஸைப் பற்றி இப்படித்தான் நம்பியிருந்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

ஆனால் அந்தப் பெயருக்கு ஸ்பானிய மொழியில் ‘புல்வெளிகள்’ என்று பொருள். பாலைவனத்தின் நடுவே ஊற்றுகள் பொங்கிப் புல் வளர்ந்த இடம் அது. பையூட் பழங்குடியினர் பல நூற்றாண்டுகளாக அந்தத் தண்ணீரை நம்பி வாழ்ந்தார்கள்.

நீராவி ரயிலுக்கும் தண்ணீர் வேண்டுமே! லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் இடையே பாதை போட்ட செனட்டர் வில்லியம் கிளார்க், செப்புச் சுரங்கத்தில் பணம் குவித்தவர். 1902-இல் ஹெலன் ஸ்டூவர்ட் என்ற பெண்மணியின் பண்ணையை, அதன் தண்ணீர் உரிமையோடு 55,000 டாலருக்கு வாங்கினார். 1905 மே 15 அன்று, கொளுத்தும் வெயிலில், ரயில் கம்பெனி அங்கே மனைகளை ஏலம் விட்டது. அன்றுதான் ஊர் பிறந்தது. பையூட் மக்களுக்கு? 1911-இல் அதே ஹெலன் ஸ்டூவர்ட் அரசுக்குக் கொடுத்த 10 ஏக்கர் நிலம் அவர்களின் குடியிருப்பானது. ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் நடமாடியவர்களுக்குப் பத்தே ஏக்கர்!

சூதாட்டமா? 1910 அக்டோபரிலிருந்து நெவாடாவில் அது சட்டவிரோதம். மறைவாக நடந்தது, அது வேறு கதை. பொருளாதார மந்தத்தில் தவித்த மாநிலம் 1931 மார்ச்சில் தடையை எடுத்தது. அதே ஆண்டு பக்கத்தில் ஹூவர் அணை வேலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், கையில் சம்பளம். அவர்களுக்காக அரசு கட்டிய போல்டர் சிட்டியிலோ மதுவும் கூடாது, சூதும் கூடாது. (இன்றும் அங்கே கசினோ கிடையாது.) பிறகென்ன, சம்பள நாளில் சுமார் 40 கி.மீ. பயணம் செய்து லாஸ் வேகாஸுக்குத்தான் வந்தார்கள்.

அந்தத் தாதா, பக்ஸி சீகல், ஃபிளமிங்கோவைத் திறந்தது 1946 டிசம்பரில். அதே நெடுஞ்சாலையில் எல் ராஞ்சோ வேகாஸ் என்ற ஹோட்டல் 1941-லேயே வந்துவிட்டது. ஃபிளமிங்கோவைக்கூட பில்லி வில்கர்சன் என்ற பத்திரிகை முதலாளிதான் தொடங்கினார். சீகல் அதைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். திறந்து ஆறே மாதத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சினிமாவுக்கு அது போதுமே, ரயிலையும் அணையையும் யார் படமெடுப்பார்கள்?

அந்த ஊற்றுகள் 1962-இல் வற்றின. ஊர் பெருகப் பெருக நிலத்தடி நீரை உறிஞ்சிவிட்டார்கள். இப்போது லாஸ் வேகாஸின் தண்ணீரில் பெரும்பகுதி ஹூவர் அணைக்குப் பின்னால் தேங்கிய மீட் ஏரியிலிருந்து குழாயில் வருகிறது.