உட்வர்டு வருகிறாரா?

காற்பந்துக் குழு எதுவாயினும் அதில் இப்படி ஒருவர் இருப்பார். அவர் வந்துவிட்டால் ஆட்டத்தின் போக்கே மாறிவிடும். ஆனால் வருவாரா என்பதுதான் யாருக்கும் தெரியாது. "திறமை இருந்தென்ன, பொறுப்பில்லையே!" என்று அத்தகையோரைப் பற்றி நாம் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தின் விவியன் உட்வர்டைப் பற்றிப் படித்தபோது, அத்தீர்ப்பை நாம் சற்று நிறுத்திவைக்க நேர்ந்தது.

1879இல் இலண்டனில் பிறந்த உட்வர்டு தொழிலால் கட்டடக் கலைஞர். 1901இல் டாட்டன்ஹாம் கழகத்தில் சேர்ந்தார். அன்று ஊதியம் பெற்று ஆடியவர்களுக்கு வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் கொடுக்கலாகாது என்பது விதி. உழைப்பாளர் குடும்பங்களிலிருந்து வந்த அவர்களுக்கு அதுவே பிழைப்பு. உட்வர்டோ ஊதியம் பெறாத அமெச்சூர். செலவுத் தொகையைக்கூடக் கேட்டு வாங்காதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆகவே கழகம் அவரைக் கட்டாயப்படுத்த இயலவில்லை. தொழில் அழைத்தால் ஆட்டத்துக்கு வரமாட்டார். கோடையில் கிரிக்கெட்டும் டென்னிசும் அவரை ஈர்த்தன. நாட்டு அணிக்கும் அமெச்சூர் அணிக்குமாகப் பல நாள்கள் கழிந்தன. சம்பளக்காரர் ஒருவர் இப்படி இருந்திருந்தால் அவருடைய இடம் என்றோ பறிபோயிருக்கும். வராமலிருக்கும் உரிமையும் ஒரு செல்வந்தான். அது எல்லாருக்கும் வாய்ப்பதன்று.

ஆயினும் வந்த நாள்களில் அவர் ஆடியது சாமானிய ஆட்டமன்று. இங்கிலாந்துக்காக 23 ஆட்டங்களில் 29 கோல் போட்டார். 1908இலும் 1912இலும் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்கு அவரே தலைவர். 1908இல் டாட்டன்ஹாம் முதன்முறையாகக் காற்பந்து லீக்கில் இடம்பெற்றபோது, லீக்கில் அதன் முதல் கோலைப் போட்டவரும் அவரே. மறு ஆண்டு அங்கிருந்து விலகினார். சில மாதங்களுக்குள் செல்சி கழகத்துக்கு ஆடலானார். 1910இல் செல்சி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் அதை விட்டு அவர் போகவில்லை. 1912இல் அது மீண்டும் முதற் பிரிவுக்கு ஏறிற்று.

1914இல் உலகப் போர் மூண்டது. உட்வர்டு படையில் சேர்ந்தார். இம்முறை அவர் வராததற்கு எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் இல்லாமலே செல்சி சுற்றுச் சுற்றாக வென்று, 1915ஆம் ஆண்டு எஃப். ஏ. கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டியது. அதற்கு உழைத்தவர்களுள் ஒருவர் பாப் தாம்சன். ஒரு கண் பார்வை இழந்த முன்வரிசை ஆட்டக்காரர். இறுதியாட்டம் நெருங்கிய வேளையில் அவருக்குக் கையில் அடிபட்டது. கழகத்தார் உட்வர்டை நினைத்தார்கள், படையும் விடுப்பளித்தது.

ஏப்ரல் 24. ஆட்டம் மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபர்டு திடலில். பார்க்க வந்தோரில் சீருடையணிந்த படைவீரர் மிகுந்திருந்தமையால் அதைக் காக்கிக் கோப்பை இறுதியாட்டம் என்றே இன்றும் அழைக்கிறார்கள். உட்வர்டும் வந்திருந்தார். ஆனால் தாம்சன் ஆடுமளவுக்குத் தேறிவிட்டார் என்று தெரிந்தது. அப்படியானால் இடம் அவருடையதே, கோப்பையின் இந்த எல்லைவரை கழகத்தைக் கொண்டுவந்தவர்களுள் அவர் ஒருவர் என்று சொல்லி உட்வர்டு ஒதுங்கிக்கொண்டார்.

அவருக்கு அப்போது வயது 35. எஃப். ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் அவர் அதுவரை ஆடியதில்லை. இனி ஆடுவோம் என்று நம்பவும் இடமில்லை. எத்தனையோ நாள் வராதிருந்தவர், வந்து நின்ற நாளில் இடத்தை விட்டுக்கொடுத்தார்! கழகத்தின் நலன் பார்த்தால் சிறந்தவரை ஆடவிடுவதன்றோ முறை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கணக்கைத் தாம்சனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் போடுவது?

தாம்சன் ஆடினார். ஷெஃபீல்டு யுனைடெட் 3-0 என்று வென்றது. போட்டிகள் போரால் நின்றுபோயின. 1916 ஜனவரியில் பிரான்சுப் போர்முனையில் எறிகுண்டுச் சிதறல்கள் உட்வர்டின் தொடையில் பாய்ந்தன. லீக் ஆட்டங்களுக்கு அவர் பிறகு திரும்பவில்லை. 1922 முதல் சில ஆண்டுகள் செல்சியின் இயக்குநர்களுள் ஒருவராக இருந்து, 1954இல் காலமானார்.