சோப்புத்தூளும் சலவைத் திரவமும்: திருவள்ளூர் வட்டாரத்தில் துணி வெளுத்தலின் வரலாறு

மணவாள நகர், திருவள்ளூர் நகரை ஒட்டி ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் அமைந்த குடியிருப்புப் பகுதி. ஆலைத் தொழிலாளர்கள் பலர் வாழும் இத்தகைய பகுதிகளின் மளிகைக் கடைகளில் கட்டிச் சோப்பு, சோப்புத்தூள், சலவைத் திரவம் ஆகிய மூன்றும் விற்கப்படுகின்றன. தூளா, திரவமா என்பது சலவை இயந்திரம் பரவிய பின் எழுந்த கேள்வியாகத் தோன்றும். ஆனால் துணி வெளுக்கும் பொருள் இதற்கு முன்பும் பலமுறை மாறியுள்ளது. ஒவ்வொரு முறையும் ஊரின் தண்ணீர், பொருளின் விலை, துவைப்பவர் யார் என்ற மூன்றுமே அந்த மாற்றத்தைத் தீர்மானித்தன.

உவர்மண்ணும் வெள்ளாவியும்

ஆடை வெளுத்துக் கஞ்சியிடும் புலைத்தி சங்கப் பாடல்களிலேயே குறிப்பிடப்படுகிறாள். பிற்காலத்தில் இத்தொழில் வண்ணார் சமூகத்தின் மீது பிறப்பால் சுமத்தப்பட்டது. அழுக்குத் துணியை உவர்மண் கரைசலில் நனைத்துப் பெரிய பானையில் அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவைப்பது வெள்ளாவி எனப்பட்டது. மறுநாள் துணி ஆற்றிலோ ஏரியிலோ கல்லில் அடித்துத் துவைக்கப்பட்டது. உவர்மண்ணில் உள்ள சோடா உப்பே எண்ணெய்ப் பிசுக்கை நீக்கியது. இன்றைய சோப்புத்தூளில் பெருமளவில் சேர்க்கப்படும் சலவை சோடாவும் அதே உப்புதான். பட்டுத் துணிக்குப் பூந்திக்கொட்டை பயன்பட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த பகுதியே சென்னையின் வண்ணாரப்பேட்டை. வெளுத்தவர்களுக்கு ஊர்ப்புறங்களில் கூலி பெரும்பாலும் நெல்லாகவும் சோறாகவும் கிடைத்தது. பட்டியல் சாதியினருக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் மிகக் கடுமையான ஒடுக்குமுறைக்கு உள்ளாயினர். அவர்களுக்கான நல வாரியத்தைத் தமிழக அரசு 2009-ல் அமைத்தது.

கட்டிச் சோப்பு

சன்லைட் சோப்பு 1888-ல் கல்கத்தா வழியாக இந்தியாவுக்கு வந்தது. பின்னர் டாடா எண்ணெய் ஆலையின் 501 பார் சோப்பு தமிழகத்தில் பரவலாகப் புழங்கியது. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்யப்படும் சோப்புக்கு ஒரு குறை உண்டு. கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்த கடின நீரில் அது நுரைக்காது. திரிந்து, வெண்மையான பிசுக்காகத் துணியில் படியும். ஏரித் தண்ணீரில் துவைத்தவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீருக்கு மாறியபோது இக்குறை பெரிதாயிற்று.

தூளின் வருகை

கடின நீரிலும் வேலை செய்யும் செயற்கைச் சலவைத்தூளாக அமெரிக்காவில் டைட் 1946-ல் வெளிவந்தது. இந்தியாவில் இந்துஸ்தான் லீவர் 1959-ல் சர்ஃப் தூளை அறிமுகம் செய்தது. அதன் விலை நடுத்தரக் குடும்பங்களுக்கே அதிகமாக இருந்தது. 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டிலேயே நிர்மா தூளைத் தயாரித்து, சைக்கிளில் வீடு வீடாக விற்றார். அதன் விலை சர்ஃப் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சோடா மிகுந்த அத்தூள் கையைப் பதம் பார்த்தாலும் ஏழைக் குடும்பங்களைச் சென்றடைந்தது.

இதனால் துவைக்கும் வேலையும் கைமாறியது. துணியை வெளுக்கப் போடும் வழக்கம் குறைந்து, அந்த உழைப்பு வீட்டுப் பெண்களிடம் வந்து சேர்ந்தது. மலிவான தூளின் காரத்தால் கைத்தோல் உரிவதும் வெடிப்பதும் அவர்களின் அன்றாடத் தொல்லையாயின.

மணலியின் பங்கு

தொடக்ககாலச் சலவைத்தூள்களில் இருந்த கிளைத்த அமைப்புள்ள வேதிப்பொருளை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியவில்லை. 1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் குவிந்தது. மேற்கு ஜெர்மனி 1961-ல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அமெரிக்கத் தொழில்துறை 1965-ல் எளிதில் சிதையும் நேர்கோட்டு அல்கைல் பென்சீனுக்கு மாறியது.

இப்பொருளைத் தயாரிக்க ஸ்பிக், டிட்கோ ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக 1984-ல் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் ஆலை மணலியில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு அருகில் உள்ளது. மண்ணெண்ணெயிலிருந்து பிரிக்கப்படும் பாரஃபினும் பென்சீனும் இதன் மூலப்பொருள்கள். அல்கைல் பென்சீனைக் கந்தக மூவாக்சைடுடன் வினைபுரியச் செய்தால் கிடைப்பதே, சிறு சோப்புத் தயாரிப்பாளர்கள் ‘ஆசிட் சிலரி’ என்று வாங்கும் கெட்டியான பழுப்புத் திரவம். இதைச் சோடாவுடன் கலந்தால் தூளாகும். காரக் கரைசலில் நடுநிலையாக்கி நீர் சேர்த்தால் திரவமாகும். பெரும்பாலான தூள்களிலும் பல திரவங்களிலும் அழுக்கை நீக்கும் முதன்மைப் பொருள் இது ஒன்றே.

சொட்டு நீலம்

தூளைத் திரவம் வென்ற முதல் இடம் நீலம். வெள்ளைத் துணியின் மஞ்சள் சாயலை மறைக்க அல்ட்ராமரைன் நீலத்தூள் பயன்பட்டது. 1960-ல் நிறுவப்பட்ட அல்ட்ராமரைன் அண்ட் பிக்மெண்ட்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் இதைத் தயாரித்தது. 2018-ல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்படும் வரை அம்பத்தூரும் மணலியும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தன.

நீலத்தூள் நீரில் கரையாது. சரியாகக் கலக்காவிட்டால் துணியில் திட்டுத்திட்டாகப் படியும். 1983-ல் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் எம்.பி. ராமச்சந்திரன் 5,000 ரூபாய் முதலீட்டில் உஜாலா என்ற திரவ நீலத்தைத் தொடங்கினார். நான்கு சொட்டு போதும் என்ற எளிமையால் ‘சொட்டு நீலம்’ தமிழக வீடுகளிலும் நிலைபெற்றது.

தூளும் திரவமும்: வேறுபாடுகள்

அமெரிக்காவில் 1956-லேயே விஸ்க் என்ற சலவைத் திரவம் விற்பனைக்கு வந்தது. இந்திய நகரங்களில் சலவை இயந்திரம் பரவிய பிறகே திரவம் பரவலாகியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு துணைப் பொருள்களில் உள்ளது.

கடின நீர்: தூளில் உள்ள சோடாவும் சியோலைட்டும் நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும். திரவத்தில் இவை சேர்க்கப்படுவதில்லை, அல்லது குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள வீடுகளில் தூள் பெரும்பாலும் கூடுதல் பலன் தரும்.

கறை: ஆக்சிஜன் வெளுப்பான் நீரில் நாளடைவில் சிதைந்துவிடுவதால் திரவத்தில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. தேநீர்க் கறைக்கு வெளுப்பான் உள்ள தூள் உகந்தது. தொழிற்சாலைச் சீருடையின் எண்ணெய்க் கறைக்கும் சட்டைக் காலருக்கும் திரவத்தை நேரடியாக ஊற்றி ஊறவைக்கலாம். மஞ்சள்தூள் கறை காரம் பட்டால் சிவக்கும். அதை வெயிலே மங்கச் செய்யும்.

கரைதல்: தூள் குளிர்ந்த நீரில் முழுதும் கரையாமல் துணியிலும் இயந்திரத்தின் அறையிலும் தங்கலாம். திரவத்தில் இச்சிக்கல் இல்லை.

கையும் துணியும்: தூளின் காரத்தன்மை அதிகம். பெரும்பாலான திரவங்கள் நடுநிலைக்கு அருகில் உள்ளன. கையால் துவைப்போருக்கும் நிறம் போகும் துணிகளுக்கும் அவை மென்மையானவை.

விலை: திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர். மலிவான தூளிலோ எடை கூட்டும் சோடியம் சல்பேட் கலந்திருக்கும். எனவே கிலோ விலையை விட, ஒருமுறை துவைக்க ஆகும் செலவே சரியான ஒப்பீடு.

நீர்நிலைகள்

துவைத்த நீர் இறுதியில் ஆற்றைச் சேர்கிறது. சலவைத்தூளில் சேர்க்கப்பட்ட பாஸ்பேட் நீரில் பாசியைப் பெருக்குவதால் ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் வீட்டுச் சலவைப் பொருள்களில் அதன் அளவைக் கட்டுப்படுத்தியது. 2019 டிசம்பரில் மழைக்குப் பின் சென்னை மெரினா, பட்டினப்பாக்கம் கடற்கரைகளில் வெண்ணுரை படர்ந்தது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் அதிலுள்ள சலவைப் பொருள்களும் காரணமாகக் கூறப்பட்டன.

சென்னை வழியாகக் கடலில் கலக்கும் கூவம், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள கூவம் என்ற ஊரின் பெயரைத் தாங்கியது. எளிதில் சிதையும் சலவைப் பொருளானாலும் அது சிதைய ஆக்சிஜன் உள்ள நீரும் கால அவகாசமும் வேண்டும். சாக்கடையாகிவிட்ட ஆற்றில் இரண்டும் கிடைப்பதில்லை. அதனால் தூளைத் தேர்ந்தாலும் திரவத்தைத் தேர்ந்தாலும், தேவைக்கு மேல் போடும் ஒவ்வொரு கரண்டியும் துணியை மேலும் வெளுக்காமல் நேராக ஆற்றுக்கே போகிறது.