விழுங்கற் கடினமும் நோய்க் குறியீடும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

நோய்ப் பட்டியல்களை மருத்துவ அறிவின் தூய விளைபொருள்களாகக் கருதுவோர் உளர். ஆயின், அவற்றைத் தோற்றுவித்த சமூகத் தேவைகளைப் புறக்கணித்து அவற்றை விளங்கிக்கொள்ளல் இயலாது. விழுங்கற் கடினம் பதிவுபெற்ற வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1662 இல் ஜோன் கிராண்ட் இலண்டன் மரணப் பட்டியல்களை ஆராய்ந்தார். 19ஆம் நூற்றாண்டில், கைத்தொழில்மயமான இங்கிலாந்தின் மரணங்களை வில்லியம் ஃபார் வகைப்படுத்தினார். 1893 இல் பெர்ட்டியோன் சர்வதேசப் பட்டியலொன்றை முன்வைத்தார். இவை இறந்தோரைக் கணக்கிட்டவை. விழுங்கற் கடினமோ வாழ்வோரின் துன்பம். பாரிசவாதம், புற்றுநோய் முதலியவற்றின் விளைவு. 1948 இன் ஆறாவது திருத்தத்திலேயே மரணம் விளைக்காத நோய்களும் சர்வதேசப் பட்டியலில் முறையாக இடம்பெற்றன.

ஐக்கிய அமெரிக்காவில் 1983 இல் நிகழ்ந்த மாற்றம் முக்கியமானது. முதியோருக்கான அரச காப்புறுதி, நோய்க்குழுவுக்கு இவ்வளவு என முன்னரே விதித்த தொகையை வைத்தியசாலைகளுக்கு வழங்கத் தொடங்கியது. எண்ணிக்கைக்கெனப் பிறந்த குறியீடு விலைச்சீட்டுமாயிற்று. அங்கு 787.2 என்னும் ஒரே எண்ணாயிருந்த விழுங்கற் கடினம், 2007 இல் வாய், தொண்டை முதலிய கட்டங்களுக்கேற்பப் பிரிக்கப்பட்டது. 2015 முதல் அப்பிரிவுகள் ஆர்13.1 என்பதன்கீழ் வருகின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்தாவது திருத்தத்திலோ ஆர்13 பிரிக்கப்படாத ஓரெண்ணே.

இப்பிரிவுகளுக்கு மருத்துவப் பயன் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. உணவு எக்கட்டத்தில் தடைப்படுகிறது என அறியாவிடின், அது மூச்சுக்குழாயினுட் சென்று நுரையீரலழற்சியை விளைவிக்கும் ஆபத்தைத் தடுத்தல் அரிது. எனினும் இங்கு ஒரு முரண்பாடு உண்டு. பேரியம் கலந்த உணவை நோயாளர் விழுங்குகையில் ஊடுகதிர்ப் படத்தில் அக்கட்டத்தை இனங்காண்பவர் பெரும்பாலும் பேச்சுச் சிகிச்சையாளரே. ஆயின், அங்குள்ள வைத்தியசாலை விதிகளின்படி, வைத்தியர் தம் குறிப்பில் அதனை உறுதிசெய்தாலன்றிக் குறியீட்டாளர் அதனைப் பதியலாகாது. வைத்தியர் 'விழுங்கற் கடினம்' என்று மட்டும் எழுதின், 'குறிப்பிடப்படாதது' எனப் பொருள்படும் ஆர்13.10 என்பதே எஞ்சும். உழைப்பு ஒருவருடையது, அதனைச் செல்லுபடியாக்கும் அதிகாரம் வேறொருவருடையது.

எனவே, அப்பதிவேட்டில் காணும் 'குறிப்பிடப்படாதது' எப்பொழுதும் அறியாமையின் சான்றன்று. பல வேளைகளில் அறியப்பட்டும் எழுதப்படாததே அது. தொகைகளை மட்டும் நோக்கும் ஆய்வாளர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். ஒரு கவளத்தை விழுங்கவியலாது தவிப்பவரின் துன்பம், பதிவேட்டை அடையுமுன் தொழிற்பிரிவினையின் படிகளைக் கடக்கவேண்டியுள்ளது.